சிக்கனமான திருடன்

அத்தியாயம் 7

"எந்த ஏடிஎம் மிஷின்ல எட்த்தேன்னு மட்டும் சொல்லிடு சார். ஸ்டேஷன்ல கேட்டா சொல்லணும்ல."

அஜித்குமார் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் கஜபதி சமாளித்திருப்பார். கோபப்படுகிறவர்களைப் பார்த்து அவருக்குப் பழக்கம். ஆனால் அவன் விலாசம் கேட்கிறவனைப் போல, பணிவாக, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டான். அம்பத்தூர் ஓ.டி.யில் பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் கஜபதியின் துப்பறியும் ஆபீஸ்.

அவனைத் திருடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் கஜபதிதான். எந்த மெஷினில் திருடினான் என்று அவர் பார்க்கவே இல்லை.

"டூர் கம்பெனி முதலாளி இன்னா சொன்னாரு?" என்று உதவியாளர் சபீனா கேட்டாள்.

"வேலைய உட்டுத் தூக்கிட்டாருக்கா. சாயங்காலம் கம்ப்ளைண்ட் குடுக்கப் போறாராம். ஒத்துக்கினா சும்மா உட்டுர்றேன்னாரு. ஒத்துக்கலாம்னு பாத்தா, எங்க எட்த்தே, எப்டி எட்த்தேன்னு கேட்டா சொல்லத் தெரியணுமே. அதான் கேக்க வந்தேன்."

அவன் போன பிறகு கஜபதி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கீழே ஷேர் ஆட்டோக்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணாத்தே," என்றாள் சபீனா கொஞ்ச நேரம் கழித்து. "நீ சும்மா குந்தினு இருக்கிறதுக்கு மீட்டர் போட்டிருந்தா நாம இந்நேரம் அண்ணா நகர்ல ஆபீஸ் வாங்கியிருக்கலாம்."

"எந்த மெஷின்னு நான் பாக்கலை சபீனா."

"தெரியும். நான் கேட்டேன். 'கேஸ் முடிஞ்சுது, டைப் பண்ணு'ன்னே."

அவள் குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். அதனாலேயே அது ஆழமாக இறங்கியது.

கேஸ் என்னவோ சின்னதுதான். கள்ளிக்குப்பத்தில் இருக்கும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஆறு குடும்பங்கள் சேர்ந்து வியட்நாம் போய் வந்தன. ஆளாளுக்கு ஒரு கார்டைத் தேய்த்தால் ஆளாளுக்குப் பேங்க் கட்டணம் அழ வேண்டும். தண்ணி லாரிக்குக் காசு சேர்த்துப் பழகியவர்கள், இதற்கும் அதே வழியைப் பிடித்தார்கள். மூன்றாம் மாடி நிஷாவின் கார்டுக்கு வெளிநாட்டுக் கட்டணம் கிடையாது. எல்லோரும் நிஷாவின் கணக்கில் ரூபாயைப் போட்டுவிடுவது, அந்த ஒரே கார்டில் எடுத்துப் பங்கு பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கார்டு, புளிக்காய்ச்சலும் ஆவக்காயும் இருந்த பொதுச் சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடந்தது. ரகசிய எண்ணை அவசரத்துக்கு உதவட்டும் என்று டூர் வாட்ஸப் குழுவிலேயே போட்டுவிட்டார்கள்.

ஊர் திரும்பிக் கணக்குப் பார்த்தபோது, ஹனோயில் எடுத்த ஒரு தொகைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அந்த ஊர்ப் பணத்தில் ஒரு கோடி டாங். நம் காசுக்கு முப்பத்திரண்டாயிரம் சொச்சம்.

"ஒரு கோடி திருட்டுன்னு போர்டுல எழுதி வெச்சிக்கலாம் அண்ணாத்தே, கூட்டம் அள்ளும்" என்று அப்போது சபீனா சொன்னாள். "முப்பத்திரண்டாயிரத்தைத் தேட எட்டாயிரம் ஃபீஸ் குடுக்கிறாங்க. இவங்கதான் ஏடிஎம் கட்டணத்தை மிச்சம் புடிக்கிற ஆளுங்க."

ஆனால் ஆறு வீட்டுக்காரர்களும் லிஃப்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறி இறங்கினார்கள். அதைத் தீர்க்கத்தான் சங்கச் செயலாளர் ராகவன் கஜபதியை அமர்த்தினார். கஜபதி ஒரே நாளில் தீர்த்துவிட்டார். ரகசிய எண் தெரிந்தவர்களில் வெளியாள், டூர் கம்பெனி வழிகாட்டி அஜித்குமார் ஒருவன். பணம் எடுத்த அன்று மதியம் பையோடு பஸ்ஸில் தனியாக இருந்தவனும் அவனே. தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். ஃபீஸ் கொடுத்தவர்களைக் கழித்துவிட்டு மீதியை எண்ணினால் ஒரு ஆள்தான் மிஞ்சுவான் என்பது இப்போதுதான் கஜபதிக்கு உறைத்தது.

"வண்டியை எடு," என்றார்.

"எங்க?"

"எந்த மெஷின்னு பாக்க."

* * *

நிஷா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். காதில் ஹெட்செட்டோடு கதவைத் திறந்து, "ரெண்டே நிமிஷம், ஒரு கால் போயிட்டிருக்கு" என்று சொல்லி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் செல்போன் இருந்தது. பேங்க் செயலியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"இதான் சார் எல்லாம். இது ஏர்போர்ட். அஜித் எங்களுக்காக எடுத்துக் குடுத்தார். 'ரூபாயில கணக்குப் போடவா'ன்னு மெஷின் கேட்டிருக்கு, சரின்னு அழுத்திட்டார். கிட்டத்தட்ட ரெண்டாயிரம் ரூபா போச்சு. நல்லா திட்டு வாங்கினார்."

"மத்தது?"

"இதெல்லாம் ஹோட்டல் வாசல்ல இருந்த மெஷின். என் பேங்க் எதுவும் பிடிக்காது. ஆனா அந்த மெஷினே தடவைக்கு இவ்வளவுன்னு எடுத்துக்கும். இங்க பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் கீழ."

கஜபதி விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனார். யாருமே உரிமை கொண்டாடாத அந்த ஒரு கோடியில் விரல் நின்றது. அதன் கீழே எதுவும் இல்லை.

"இதுக்கு ஏம்மா கட்டணம் இல்லை?"

நிஷா குனிந்து பார்த்தாள். "அட. இது வேற மெஷின். ஏரியைத் தாண்டி ஒரு பேங்க் இருக்கு, அங்க இலவசம். ராகவன் அங்கிள் முதல் நாளே குரூப்ல போட்டார், அரை கிலோமீட்டர் நடந்தா கட்டணம் மிச்சம்னு. யார் சார் நடக்கிறது? அந்த வெயில்ல?"

"ரூபாயில கணக்குப் போடவான்னு இதுவும் கேட்டிருக்குமா?"

"எல்லா மெஷினும் கேட்கும். இதுல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. ரேட் சரியா இருக்கு. இருக்கிறதுலேயே மலிவா எடுத்தது இதான்." தான் சொன்னது தனக்கே விநோதமாகப் பட்டதுபோல் அவள் நிறுத்தினாள்.

படியிறங்கும்போது சபீனா சொன்னாள்: "திட்டு வாங்கினவன் கத்துக்கினு ஒழுங்கா எட்த்திருக்கலாம் இல்ல?"

"கத்துக்கலாம். ஆனா யாருக்காக? கட்டணம் நிஷா கணக்குல போகும், ஆறு குடும்பம் பங்கு போடும். திருடனுக்கு அதுல ஒரு பைசா நஷ்டம் இல்லை. வாசல்ல மெஷின் இருக்கு. அதைத் தாண்டி, வெயில்ல அரை கிலோமீட்டர் நடந்துபோய், அடுத்தவங்களுக்குக் கட்டணம் மிச்சம் பிடிச்சுக் குடுத்துட்டு ஒருத்தன் திருடுவானா?"

"திருடும்போதும் மிச்சம் புடிக்கிற கைய கட்டுப்படுத்த முடியாத ஆளுன்னா செய்வாரு." சபீனா இரண்டாம் மாடியில் ராகவன் வீட்டுக் கதவைப் பார்த்தாள். "செயலாளர் சாருக்குக் காபி நேரம்தான் அண்ணாத்தே."

கஜபதிக்கு ஒரு நிமிஷம் மனசு லேசானது. அப்படி லேசானதற்காகவே கூசியது. போன வாரமும் இப்படித்தான், ஒரு ஆள் சரியாகப் பொருந்தியதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

* * *

ராகவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு அதிகாரி. எதையும் வீணாக்காதவர் என்பது அந்த வரவேற்பறையில் நுழைந்ததுமே தெரிந்தது. ஆட்கள் உட்கார்ந்த சோபாவுக்கு நேர் மேலே இருந்த ஃபேன் மட்டும் சுற்றியது.

"ரிப்போர்ட் பிரமாதம் சார். கமிட்டியில எல்லாருக்கும் திருப்தி. பார்வதம், ரெண்டு காபி."

"மூணு," என்றாள் சபீனா. "நானும் மனுஷிதான் சார்."

சமையலறையிலிருந்து வளையல் சத்தம் வந்தது. கஜபதி தொண்டையைச் செருமினார். "இப்ப வந்தது வேற விஷயம் சார். அடுத்த மாசம் கொழும்பு போறேன். காசு எடுக்கிறதுல உங்ககிட்ட யோசனை கேட்கணும்னு எல்லாரும் சொல்றாங்க."

ராகவன் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு பேர் கை வைப்பாங்க சார். ஒண்ணு நம்ம பேங்க், வெளிநாட்டுல எடுத்ததுக்கு நூத்துக்கு மூணு மூணரைன்னு. அதுக்கு நல்ல கார்டா பார்த்து வாங்கிடலாம். ரெண்டாவது அந்த ஊர் மெஷின், தடவைக்கு இவ்வளவுன்னு. அதுக்கு இலவச மெஷினைத் தேடி நடக்கணும், சின்னச் சின்னதா எடுக்காம மொத்தமா எடுக்கணும். மூணாவதுதான் படுபாவி. நல்லவன் மாதிரி கேட்பான், உங்க ரூபாயிலேயே கணக்குப் போட்டுத் தரட்டுமான்னு. நாமளும் ஆஹா நம்ம ரூபான்னு சரின்னு அழுத்துவோம். அங்க அவன் வெச்சதுதான் ரேட். அதுக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிடணும்."

"கையில பணமா கொண்டுபோனா?"

"டாலரா கொண்டுபோங்க. ஹோட்டல்ல மாத்தாதீங்க, ஏர்போர்ட்ல மாத்தவே மாத்தாதீங்க. வியட்நாம்ல நகைக்கடையில மாத்தினா கமிஷனே கிடையாது."

காபி வந்தது. பார்வதம் டவராக்களை மேஜையில் வைத்துவிட்டு, போகாமல் சாப்பாட்டு மேஜை ஓரமாக நின்று ஒரு துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தைத் துடைத்தாள்.

கஜபதி காபியைத் தொடவில்லை. "ஏரியைத் தாண்டி இருக்கிற அந்த மெஷின்ல, 'வேண்டாம்'னு எங்க அழுத்தணும் சார்?"

"எங்கன்னா? திரையிலதான்."

"திரையில எங்க?"

ராகவன் சிரித்தார். பிறகு யோசித்தார். கஜபதி அவரையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். பொய் சொல்கிறவர்கள் இந்த இடைவெளியைத் தாங்கமாட்டார்கள், எதையாவது போட்டு நிரப்புவார்கள் என்பது அவருடைய கணக்கு. அந்த மெஷினைத் தொட்டவன் தெரியாததுபோல் நடிப்பான், அல்லது தெரிந்ததை உளறுவான்.

"சிவப்பு பட்டன்," என்றார் ராகவன் கடைசியில். "சிவப்பு பட்டன்தான்."

"சிவப்பை அழுத்தினா கார்டு வெளியே வந்துடும்ங்க."

சொன்னது பார்வதம். துணி மேஜைமேல் நின்றிருந்தது.

"அந்த மெஷின்ல வேண்டாம்னே போட்டிருக்காது சார். பெரிய எழுத்துல சரின்னு இருக்கும். கீழ இடது மூலையில பொடியா ஒரு வரி இருக்கும், மாத்தாம தொடரவும்னு. விளம்பரம்னு நினைச்சு விட்டுடுவோம். அதைத்தான் அழுத்தணும்."

"பாத்தீங்களா?" ராகவன் பெருமையாகக் கஜபதியைப் பார்த்தார். "எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது. நான் ஏடிஎம் உள்ளேயே போறதில்லை சார், வெளியில நின்னு ஆள் வருதான்னு பாத்துப்பேன். இவதான் போவா. அப்ப ஞாபகம் இருக்காதா?" சொல்லிவிட்டுக் காபியை எடுத்தவர், உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார். "நாம அந்த மெஷினுக்குப் போகலையே பார்வதம். உனக்கு முட்டிவலின்னு சொன்னே."

சபீனாவின் கை, கிண்டலுக்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டது. கணவனுக்காக வைத்த கண்ணியில் இந்த அம்மாள் காலை வைப்பாள் என்று கஜபதி நினைக்கவில்லை. தெரியாமல் வைத்த மாதிரியும் தெரியவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தவள் போல நின்றாள்.

"நீங்க நானூறு டாலர் குடுத்து நகைக்கடையில மாத்திட்டு வரச் சொன்னீங்க," என்று அவள் கணவனிடம் சொன்னாள். "கடை வாசல்லயே ஒரு பொண்ணு வந்து இன்னும் கூடத் தர்றேன்னா. கூட வந்தா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு குடுத்துட்டேன். நீல நோட்டா எண்ணிக் குடுத்தா. அந்த ஊர்ல அஞ்சு லட்சமும் நீலம், இருபதாயிரமும் நீலம். அத்தனை சைபர்ல எனக்கு வித்தியாசம் தெரியலை. குடிக்க ஒரு இளநீர் வாங்கப் போனப்பதான் கடைக்காரி சிரிச்சா, எல்லாமே இருபதாயிரம்."

"நானூறு டாலரா?" என்றார் ராகவன்.

"இதுக்குத்தாங்க சொல்லலை," என்றாள் அவள்.

ராகவன் டவராவைக் கீழே வைத்தார்.

"பத்து ரூபா தக்காளி கூடக் குடுத்து வாங்கிட்டு வந்தா ஒரு வாரம் பேசுவீங்க. நானூறு டாலருக்கு ஆயுசு பூரா பேசுவீங்களேன்னு பயம். சாப்பாட்டுப் பை என் பொறுப்புதானே. பஸ்ல அந்தத் தம்பி தூங்கிட்டிருந்தான், கார்டை எடுத்துட்டு நடந்தேன். ஊருக்கு வந்ததும் என் சீட்டுப் பணத்தை நிஷா கணக்குல போட்டுடலாம்னு. கட்டணம் பிடிச்சா அதுவும் அவங்க தலையில விழுமேன்னு அந்த மெஷினுக்கே போனேன். அதையே மாத்தின பணம்னு உங்ககிட்ட குடுத்தேன்." அவள் கஜபதி பக்கம் திரும்பினாள். "போடறதுக்குள்ள நீங்க வந்தீங்க. கண்டுபிடிச்சாச்சு, அந்தத் தம்பிதான்னு எழுதிக் குடுத்தீங்க. எனக்கே ஒரு நிமிஷம், அவன்தானோன்னு இருந்துச்சு சார். பெரியவங்க எழுதினா அப்படித்தான். அன்னிக்கு ராத்திரி நல்லா தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைச்சாத்தான் என்னால தாங்க முடியலை."

கஜபதியும் அன்று நன்றாகத் தூங்கியிருந்தார்.

"நான் வேற மாதிரி எழுதலாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "உள்ளுக்குள்ளயே நடந்த கணக்குக் குழப்பம், தொகை திரும்ப வந்துடுச்சுன்னு. யார் பேரும் போடாம."

"யார் பேரும் போடலைன்னா அவன் பேர்தானே சார் அங்க இருக்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது முறையும் சுலபமான ரிப்போர்ட்டைத்தான் அவர் கை தேடியிருக்கிறது.

"என் பேரை எழுதுங்க. பார்வதம், ரெண்டாவது மாடின்னு."

ராகவன் எழுந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நடந்துபோய்ச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருந்த ஃபேன் சுவிட்சைப் போட்டார். "உக்காரு," என்றார் மனைவியிடம். "வேர்க்குது உனக்கு." அதற்கு மேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

சபீனா பால்கனிக்குப் போய் டூர் கம்பெனி முதலாளியைப் பிடித்தாள். அவள் பேசியது உள்ளேவரை கேட்டது. "கம்ப்ளைண்ட்டெல்லாம் ஒண்ணும் வாணாம் சார். ரிப்போர்ட் தப்பு. யாரு சொன்னதா? எழுதினவரே சொல்றாரு. காலையில அவன வேலைக்குக் கூப்புடு, இல்லாங்காட்டி நானே ஆபீசுக்கு வருவேன், எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி." பிறகு வேறொரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைக் கஜபதியிடம் நீட்டினாள். "பாரிவாக்கம். அஜித் ஊடு," என்றாள்.

"நான் பேசறேன்," என்று பார்வதம் கையை நீட்டினாள்.

"நீங்க அப்புறம் பேசுங்கம்மா. முதல்ல நான்."

மணி அடித்தது. அஜித்குமார் எடுத்தான். கஜபதி சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். நீ எடுக்கவில்லை, யார் எடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டது, நான் எழுதியது தப்பு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் எழுதினேன்.

"சரி சார்," என்றான் அவன்.

கஜபதி காத்திருந்தார். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"சார், எங்கம்மா பக்கத்துல கீது. நான் எடுக்கலன்னு நூறு வாட்டி சொல்லிட்டேன். டிடெக்டிவ் எழுதிக் குட்த்தது பொய்யா இருக்குமாடான்னு கேட்டுனே கீது. நீயே ஒரு வார்த்தை சொல்லிடு சார்."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. மகனிடம் பேசுவதற்கு மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தவருக்கு, ஒரு தாயிடம் பேச ஒரு வரியும் கைவசம் இல்லை.

"யாரு?"

"அம்மா, என் பேர் கஜபதி. உங்க பையனைப் பத்தி எழுதினது நான்தான். அது தப்பும்மா. அவன் எடுக்கலை."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் வந்தது.

"இருப்பா," என்றது அந்தக் குரல். "போன வச்சிடாத. பக்கத்து ஊட்டு வேம்புலியம்மாளக் கூப்புடறேன், எதுத்த ஊட்டுக்காரங்களயும் கூப்புடறேன். அவங்கதான் தெருவெல்லாம் சொன்னாங்க. அவங்க காதுபடச் சொல்லு."

செருப்புச் சத்தம் வாசலுக்குப் போனது. தெருவில் அவள் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைப்பது கேட்டது. ஒரு கதவு திறந்தது. யாரோ "இன்னாடி" என்றார்கள். போனைக் கையில் பிடித்தபடியே கஜபதி எழுந்து நின்றார். பார்வதமும் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வந்துட்டாங்க," என்றது குரல், கொஞ்சம் மூச்சிரைக்க. "இப்ப சொல்லு நைனா. சத்தமா சொல்லு."

கஜபதி சொன்னார்.